புயல் பட்டா பார்த்தா அடிக்கிறது?

ஐப்பசி பிறந்துவிட்டால் தஞ்சைத் தரணியின் கடற்கரை ஊர்களில் ஜனங்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். கார்த்திகையில் கடலின் இரைச்சலுக்குக் காது கொடுக்கிறார்கள். தை பிறக்கும் வரை கூரை வீட்டில் நிம்மதியான தூக்கம் கிடையாது. நாகைத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டது என்று செய்தி வந்தால் போதும். குழந்தையை இடுப்பிலும் ரேஷன் கார்டை மடியிலும் வைத்துக்கொண்டு தாய்மார்கள் பள்ளிக்கூடக் கட்டிடத்துக்குப் புறப்படுகிறார்கள். குடிசை போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். கார்டும் போய்விட்டால் நிவாரணக் கணக்கில் தாங்கள் ஆளாகவே இருக்கமாட்டோம் என்பதும் தெரியும்.

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாருக்கு ஒரு பழங்கதை உண்டு. மணிமேகலைக் காப்பியம் சொல்லும் கதை அது. சோழ மன்னன், தொலைந்துபோன மகனைப் பற்றிய துயரத்தில் இந்திர விழா எடுக்க மறந்தான். சாபம் பலித்தது. கடல் பொங்கிவந்து நகரை விழுங்கியது.

சிறு வயது முதல் இந்தக் கதையைக் கேட்டு வருகிறோம். ஆனால் இதில் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்பவர் இல்லை. விழாவை மறந்தவன் மன்னன். வீட்டை இழந்தவர்கள் யார்? மீன் பிடித்த பரதவர், உப்பு விற்ற உமணர், மரக்கலத்தில் மூட்டை சுமந்த கூலியாள், மண் பிசைந்த குயவர்! தவறு அரண்மனையில், தண்டனை குப்பத்தில்! இது என்ன நியாயம்?

கதைதானே என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. ஏனென்றால் இந்த நியாயம் கதையோடு முடியவில்லை. இன்றும் காவிரிப் படுகையில் புயல் அடித்த மறுநாள் நடப்பது இதே நியாயம்தான்.

சாபம் அல்ல, சூடேறிய கடல்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். புயல் யாருடைய சாபமும் அல்ல. வெயிலில் சூடேறிய வங்கக் கடலின் நீர் ஆவியாகி மேலே எழுகிறது. அங்கே காற்றழுத்தம் குறைகிறது. நாற்புறமும் இருந்து காற்று அந்த இடத்தை நோக்கிப் பாய்ந்து சுழல்கிறது. அந்தச் சுழல் கரையேறும்போது கடல்நீரையும் தள்ளிக்கொண்டு வருகிறது. கோடியக்கரைப் பக்கத்தில் கடல் ஆழமற்றது. கரையோ தாம்பாளம் போல் சமதரை. ஆகவே வந்த நீர் வெகுதூரம் உள்ளே பாய்கிறது. வெளியேற வழியின்றி நிற்கிறது. இதுதான் விஞ்ஞானம்.

கணக்கையும் பார்ப்போம். 1952 நவம்பர் 30 அன்று நாகைக் கரையைப் புயல் தாக்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1955 நவம்பர் முடிந்து டிசம்பர் பிறக்கும் நேரத்தில், பட்டுக்கோட்டைத் தாலுகா ராஜாமடம் கரையில் இன்னொரு புயல். மறுபடியும் நூற்றுக்கணக்கில் சாவு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில், ஏறியிருந்த அத்தனை பேரோடும் அலைக்குள் போயிற்று. அதன் பின் அந்த ஊரை வாழத் தகாத ஊர் என்று சர்க்கார் அறிவித்தது. 1977 நவம்பர் 12 அன்று நாகைக்கு மறுபடியும் அடி. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் பலி. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே ‘கஜா’ கரையேறியது.

புயல் என்று பெயர் வைக்காத மழையும் உண்டு. 2022 நவம்பர் 11 அன்று, பூம்புகாருக்குப் பக்கத்துச் சீர்காழியில் ஒரே நாளில் 44 செண்டிமீட்டர் மழை கொட்டியது. நூற்றாண்டு காணாத மழை அது. நட்டு வளர்ந்துகொண்டிருந்த சம்பாப் பயிர் தண்ணீருக்குள் போயிற்று. (2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் ஆறாயிரம் பேரைக் கொண்டுபோன சுனாமி, கடலடியில் பூமி அதிர்ந்ததால் வந்தது. அது வேறு வகை. ஆனால் மாண்டவர்கள் இதே குப்பத்து ஜனங்கள்தான்.)

மேலும் மேலும் கடல் சூடேறுவதால் புயல் விரைவில் வலுக்கிறது, மழை கொட்டித் தீர்க்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். நூற்றாண்டுக்கு மேலாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துப் பணம் குவித்த நாடுகளின் புகை அது. லாபம் அவர்களுக்கு, புயல் நமக்கு!

குடிசை ஏன் குடிசையாக இருந்தது?

புயல் எல்லோர் மேலும்தானே அடிக்கிறது என்பார்கள். உண்மை. மிராசுதார் மாடி வீட்டின் மேலும் அதே காற்று அடித்தது. ஓட்டில் நாலு பறந்திருக்கும். பண்ணையாள் குடிசையின் மேலும் அதே காற்று அடித்தது. குடிசையே பறந்தது. காற்று ஒன்று, கூரை வேறு!

அந்தக் குடிசை ஏன் மண்சுவரும் கீற்றுமாகவே இருந்தது? உழைப்பாளிக்குச் சுவர் எழுப்பத் தெரியாதா? மிராசுதாரின் மாளிகையை எழுப்பிய கை யாருடைய கை? குடிசை நின்ற மனை அவனுடையது அல்ல. அது பண்ணைக்குச் சொந்தம். கூலி கூடக் கேட்டால், குரல் உயர்த்தினால், மனையைக் காலி செய் என்பார்கள். நாளைக்கு விரட்டப்படக்கூடிய இடத்தில் எவன் செங்கல் அடுக்குவான்?

1952-ல் நாகைப் புயல் அடித்த அதே ஆண்டில்தான் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தானாக வந்ததல்ல, சங்கம் கட்டிய ஜனங்கள் சவுக்கடியும் சாணிப்பாலும் தாங்கிப் போராடியதால் வந்தது. ஆனாலும் குடிசை குடிசையாகவே நின்றது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் தீயில் கருகின. காற்றுக்கும் தாங்காத, நெருப்புக்கும் தாங்காத குடிசை! அதற்குப் பிறகு 1971-ல்தான் குடியிருப்பு மனையை அதில் குடியிருப்பவனுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது.

ஆகவே, புயலில் இடிந்த சுவரின் கதை புயலன்று தொடங்கியதல்ல. நிலம் யாருடையது என்பதில் தொடங்கியது.

“இயற்கையை எதிர்க்க முடியுமா?”

மந்திரிகள் ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்கிறோம், கேட்கட்டும்.

நாகையில் புயல் அடித்து இரண்டே மாதத்தில், 1953 ஜனவரி 31 இரவு, ஐரோப்பாவில் வட கடலில் பெரும் பனிக்காலப் புயல் எழுந்தது. ஹாலந்து தேசமும் நம் தஞ்சையைப் போல ஆற்றுப் படுகைதான். அதில் ஏறக்குறையக் கால்பங்கு கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த பூமி. கரைகள் உடைந்தன. 1,800-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இங்கிலாந்திலும் 300-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பிப்ரவரி மாதத்திலேயே ஹாலந்து சர்க்கார் நிபுணர் குழு அமைத்தது. 1958-ல் சட்டம் இயற்றியது. ஆற்று முகங்களுக்குக் குறுக்கே அணைகளும் கதவுகளும் கட்டியது. கடைசிப் பெருங்கதவு 1997-ல் முடிந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் வேலை நடந்தது.

அந்தச் சர்க்கார் பாட்டாளிகளின் சர்க்கார் அல்ல. முதலாளிகளின் சர்க்கார்தான். ஆனாலும் தங்கள் துறைமுகமும் வயலும் போய்விடும் என்று கண்டதும் கடலைக் கட்ட அவர்களுக்கு முடிந்தது. அதே பனிக்காலத்தில் அதே அடி வாங்கிய நம் படுகைக்கு என்ன நடந்தது? அரிசி மூட்டையும் வேட்டி சேலையும் வந்தன. அடுத்த மூன்றாம் ஆண்டு அடுத்த புயல் வந்தது.

வெளிநாடு வேண்டாம், நம் நாட்டுக் கதையைப் பார்ப்போம். ஒடிசாவில் 1999 அக்டோபர் 29 அன்று அடித்த பெரும்புயலில் ஏறக்குறையப் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபர் 12 அன்று அதே கரையில் ‘பைலின்’ அடித்தது. இதற்குள் கரையோரமெங்கும் பாதுகாப்புக் கட்டிடங்கள் எழுந்திருந்தன. ஏறக்குறையப் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. கடல் அதே கடல். மாறியது மனிதனின் ஏற்பாடு. முடியாது என்று இனி எவன் சொல்வான்?

உயிர் தப்பியது, பிழைப்பு தப்பவில்லை

நியாயமாகப் பேசுவோம். கஜாவின்போது நம் மாநிலத்திலும் முன்னெச்சரிக்கை நடந்தது. பல்லாயிரக்கணக்கானோர் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். பழைய புயல்கள் நூற்றுக்கணக்கில் பலி வாங்கிய கரையில் சாவு நூறுக்குள் நின்றது. இது நல்லது. மறுக்கமாட்டோம்.

ஆனால் முகாமிலிருந்து திரும்பி வந்தவன் கண்டது என்ன? குடிசை இல்லை. தென்னை இல்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து, வாரக்கணக்கில் இருட்டு. வெளி ஜில்லாக்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களில் ஒப்பந்தக் கூலிகளும் உண்டு. உழைப்பாளிக்கு முதலில் கை கொடுத்தவன் உழைப்பாளிதான் என்பதை நம் ஜனங்கள் மறக்கமாட்டார்கள்.

சர்க்கார் என்ன கொடுத்தது? சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய். அதை வெட்டி அகற்ற 500 ரூபாய். ஆக 1,100 ரூபாய். தோப்புடையவருக்கே இது போதாது. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும். சிறு தோப்பை வைத்துப் பிழைத்த விவசாயி கலங்கி நின்றதை நாம் அறிவோம். அவருடைய கோரிக்கையும் நம் கோரிக்கையே. ஆனால் அந்தத் தோப்பில் ஏறிக் காய் பறித்தவனுக்கு என்ன? மட்டை உரித்தவனுக்கு என்ன? கீற்று முடைந்த பெண்ணுக்கு என்ன? கயிறு திரித்தவளுக்கு என்ன? மரத்துக்கு விலை போட்டார்கள். அந்த மரத்தை நம்பிய கைக்கு விலை போடவில்லை!

முழுதும் இடிந்த குடிசைக்குப் பத்தாயிரம் ரூபாய். இதில் மூங்கிலும் கீற்றும் வாங்கலாம். அடுத்த புயலுக்கு இன்னொரு குடிசை தயார் செய்யலாம். சுவர் எழுப்ப முடியுமா?

மாநில சர்க்கார் டெல்லியிடம் கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். டெல்லி முதலில் 353 கோடியே 70 லட்சம் என்றது. ஆண்டு முடிவில் 1,146 கோடி என்றது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். இங்கே ஓநாய் அழக்கூட இல்லை, கணக்குதான் பார்த்தது.

பயிர் நிவாரணத்தையும் பயிர்க் காப்பீட்டையும் பாருங்கள். அடங்கலும் சிட்டாவும் கொண்டுவா என்கிறார்கள். வாய்வார்த்தையில் குத்தகைக்கு உழுதவன் எதைக் கொண்டுபோவான்? குத்தகையாளர் உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தது. ஆனால் பதிவு செய்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று உடையவர் பயப்படுகிறார். பதிவு கேட்டால் அடுத்த போகம் நிலம் கிடைக்காது என்று உழுபவன் பயப்படுகிறான். விதை இவனுடையது, கடன் இவனுடையது, மூழ்கிய பயிர் இவனுடையது. நிவாரணப் பணம் மட்டும் பட்டணத்தில் இருக்கும் பட்டாதாரின் பாங்கிக் கணக்கில்!

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் கூலித் தொழிலாளிக்கோ அந்தப் பட்டியலில் ஒரு வரி கூட இல்லை. வயல் மூழ்கினால் களையெடுப்பு இல்லை, அறுவடை இல்லை, ஒரு போகத்தின் கூலி முழுவதும் போயிற்று. இது நஷ்டம் இல்லையா? 2022-ல் சீர்காழி, தரங்கம்பாடி தாலுகாக்களில் ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். போகக் கூலிக்கு ஈடு ஆயிரமா?

நாம் கேட்கிறோம்: புயல் பட்டா பார்த்தா அடிக்கிறது? அடிக்கும்போது பார்க்காத பட்டாவை, நிவாரணம் கொடுக்கும்போது மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்?

ஆலைத் தோழர்களே, இது உங்கள் விஷயமும்தான்

வயல் சேதிதானே, ஆலைக்குள் இருக்கும் நமக்கு என்ன என்று நினைக்கவேண்டாம். ஆலைக்குள்ளும் இதே நியாயம்தான். புயலாலோ வெள்ளத்தாலோ ஆலை நின்றால், ‘லே-ஆப்’ என்று பாதிச் சம்பளம் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. யாருக்கு? மஸ்டர் ரோலில் பெயர் ஏறி ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு. பதிலிக்கு இல்லை. அன்றாடக் கூலிக்கு இல்லை. வயலில் பட்டா எதுவோ, ஆலையில் மஸ்டர் ரோல் அதுவே!

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை கொட்டித் தூத்துக்குடி ஜில்லா மூழ்கியபோதும், வேலை நின்ற நாட்களின் சுமை யார் தலையில் விழுந்தது? உப்பளத்தில் வாரும் கூலிக்கு மழைநாள் என்றாலே பட்டினி நாள்.

இன்னொன்றும் உண்டு. சம்பா போன ஊரிலிருந்து வாலிபர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ் ஏறுகிறார்கள். கிடைத்த கூலிக்கு நிற்கிறார்கள். அதைக் காட்டி உங்கள் கூலியையும் அமுக்க முதலாளி பார்க்கிறார். வயலில் அவனுக்கு நியாயம் கிடைக்காவிட்டால், ஆலையில் உங்களுக்கும் கிடைக்காது.

கடல் கடந்தும் இதே கதை. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையை ‘டிட்வா’ புயல் தாக்கியது. 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. அங்கே தேயிலை பறிக்கும் நம் தமிழ்த் தொழிலாளர்கள் இருநூறு ஆண்டுகளை எட்டும் உழைப்புக்குப் பின்னும் சொந்த மனையின்றி லயன் வீடுகளில் கிடக்கிறார்கள். தஞ்சையில் குடிசை, மலைநாட்டில் லயன். கூரைதான் வேறு, சொந்த மண் இல்லாத நிலை ஒன்றுதான்.

பட்டியல் இல்லையாம்!

“கூலி வேலை செய்பவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவேடு இல்லையே” என்று அதிகாரிகள் சாக்குச் சொல்கிறார்கள். இது பொய். ரேஷன் கார்டு இருக்கிறது. உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விவசாயத் தொழிலாளருக்குச் சர்க்காரே அட்டை கொடுத்திருக்கிறது. ஓட்டுக் கேட்டு வரும்போது ஒவ்வொரு குடிசையிலும் எத்தனை ஓட்டு என்று விரல்விட்டுச் சொல்கிறார்கள். நிவாரணத்துக்கு மட்டும் ஆள் தெரியவில்லையா?

“மனைப்பட்டா இல்லாதவனுக்கு எப்படி வீடு?” என்றும் கேட்கிறார்கள். 2030-க்குள் கிராமங்களில் எட்டு லட்சம் கான்கிரீட் வீடு கட்டிக் குடிசையை ஒழிப்போம் என்று மாநில சர்க்கார் 2024-ல் அறிவித்தது. எட்டு லட்சம் குடும்பம் இன்னும் கீற்றுக்குக் கீழே கிடக்கிறது என்ற வாக்குமூலம்தான் அது! அதிலும் பட்டா இல்லாத புறம்போக்குவாசிக்கு இடமில்லை. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் கோயில் மனையிலும் குடியிருப்பவன்தான் வெள்ளத்தில் முதலில் மூழ்குகிறவன். அவனைத்தான் பட்டியலில் கடைசியிலும் போடமாட்டேன் என்கிறார்கள்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை.

புயல், வெள்ளத்தால் வேலை இழந்த ஒவ்வொரு விவசாயத் தொழிலாளிக்கும், இழந்த நாட்களுக்குக் கூலி கொடு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகக் கொடு.

பயிர் நிவாரணத்தையும் காப்பீட்டையும் உழுதவன் கையில் கொடு. குத்தகையைப் பதிவு செய். பதிவு கேட்டவனை வெளியேற்றினால் தண்டனை கொடு.

குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மனைப்பட்டா கொடு. இருக்கும் இடம் ஆபத்தான இடமென்றால் அதே ஊரில் மேட்டு மனை கொடு. காற்றுக்குத் தாங்கும் வீடு கட்டிக் கொடு.

ஆண்டுதோறும் மேட்டூர் திறப்புக்கு முன்பே வடிகால்களைத் தூர் எடு. வெங்காயத் தாமரையை அகற்று. ஐப்பசியில் தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டி எடுப்பது கண்துடைப்பு! அந்த வேலையையும் உள்ளூர் உழைப்பாளிகளுக்கே கொடு. முத்துப்பேட்டை, பிச்சாவரம் அலையாத்திக் காடுகள் அலையின் வேகத்தைத் தடுக்கின்றன, அவற்றைக் காப்பாற்று.

ஆலை நின்ற நாட்களுக்குப் பதிலி, ஒப்பந்தத் தொழிலாளி உள்படச் சகலருக்கும் சம்பளம் கொடு.

கூண்டு ஏறும்வரை காத்திருக்கவேண்டாம்

மனுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. இந்தப் படுகையில் சாணிப்பாலும் சவுக்கடியும் மனுக் கொடுத்து ஒழியவில்லை. கிராமத்துக்குக் கிராமம் இப்போதே வேலை தொடங்குவோம். தெருவில் எத்தனை குடிசை, எத்தனை உழைப்பாளர், யார் குத்தகைக்கு உழுகிறார், யாருக்கு மனைப்பட்டா இல்லை என்று நாமே பட்டியல் எடுப்போம். எந்த வடிகால் அடைபட்டிருக்கிறது, எந்த மதகு உடைந்திருக்கிறது என்று நாமே எழுதுவோம். அதைத் தாலுகா ஆபீசில் புயலுக்கு முன்பே கொடுத்து ரசீது வாங்குவோம். “பட்டியல் இல்லை” என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருக்கக்கூடாது. ஆலைச் சங்கங்கள் இந்தக் கோரிக்கைகளைத் தங்கள் கூட்டங்களில் எடுத்துப் பேசட்டும். கதிர் அறுத்த கையும் கதிர் நூற்ற கையும் ஒன்றாக உயர்ந்தால் எந்தச் சர்க்காரும் கேட்டே தீரவேண்டும்.

பூம்புகாரில் கடலோரத்தில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் ஓங்கி நிற்கிறது. மழை பெய்தால் அதன் கற்சுவருக்கு ஒன்றும் ஆவதில்லை. கல்லில் வடித்த கண்ணகிக்கு நல்ல கூரை கிடைத்ததில் நமக்கு வருத்தமில்லை, சந்தோஷம்தான். அரசவையில் ஏறி நீதி கேட்டவள் அவள். உயிரோடு இருக்கும் கண்ணகிகள் மழையில் நனைந்தபடி தார்ப்பாயின் கீழ் நிற்கிறார்களே, அவர்களுக்கு எப்போது கூரை என்பதுதான் நம் கேள்வி.

அன்று மன்னன் மறந்தான், குடிகள் மூழ்கினார்கள். இனி மறப்பவனே பதில் சொல்லட்டும்!